பிரிகோட்டை முதலில் வரையுங்கள்

கிணற்றடியில் நிற்கும் மோட்டார் பம்பின் இரும்பு உறையைக் கையால் தடவிப் பாருங்கள். சுருண்டு செல்லும் அதன் வெளிவிளிம்பில் மெல்லிய மேடு ஒன்று சுற்றி ஓடுவது விரலுக்குத் தட்டுப்படும். அரைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்த பிறகும் அது முழுதாக மறைவதில்லை. மணலில் வார்த்தெடுத்த பெரும்பாலான இரும்புப் பொருள்களில் இந்தத் தடம் எங்காவது இருக்கும். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று பொருந்திய இடம் அது. பவுண்டரிகளில் இதைப் பார்ட்டிங் லைன் என்பார்கள். இங்கே பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். பொருளை வாங்குகிறவருக்கு அது கண்ணில் படாத ஒரு தழும்பு. ஆனால் அந்தப் பொருளின் எடை, விலை, வலிமை, எத்தனை வார்ப்புகள் வீணாகும் என்பது வரை பலவற்றை அந்தக் கோடுதான் முடிவு செய்கிறது.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. வேண்டிய பொருளின் வடிவத்தில் மரத்திலோ அலுமினியத்திலோ ரெசினிலோ ஒரு பேட்டர்ன் செய்துகொள்கிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்ன் சற்றுப் பெரிதாக இருக்கும். சாதாரண வார்ப்பிரும்புக்கு 1 சதவீதம் அளவுக்கு, எஃகுக்கு 2 சதவீதம் அளவுக்கு. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பேட்டர்னை வைத்து, களிமண்ணும் ஈரமும் கலந்த மணலைச் சுற்றிலும் இடித்து இறுக்குகிறார்கள். பிறகு பெட்டிகளைப் பிரித்துப் பேட்டர்னை உருவி எடுத்துவிட்டு மீண்டும் மூடினால் உள்ளே வெற்றிடம் கிடைக்கும். உலோகம் அதில்தான் பாய்கிறது. சிக்கல் அத்தனையும் “உருவி எடுத்துவிட்டு” என்ற அந்த இடத்தில் இருக்கிறது. மணல் வெறும் அழுத்தத்தாலும் ஈரக் களிமண்ணின் பிடிப்பாலும் நிற்பது. பேட்டர்னின் ஒரு மூலை வெளியே வரும்போது மணலில் மாட்டினால், மணல் கிழிந்து அச்சு பாழாகும். ஆகவே மேல்பாதி மேலேயும் கீழ்பாதி கீழேயும் எதிலும் மாட்டாமல் வரும்படி வடிவத்தை ஓரிடத்தில் பிரித்தாக வேண்டும்.

பேட்டர்ன் வேலை இன்று பெரும்பாலும் கேட் (CAD) எனப்படும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் நடக்கிறது. பம்பு நிறுவனமோ வால்வு நிறுவனமோ முப்பரிமாண மாதிரியை அனுப்புகிறது. பேட்டர்ன் கடையில் அதைத் திறந்து, எந்தத் திசையில் உருவுவது என்று காட்டினால், பிரிகோட்டைக் கணினியே வரைந்து தருகிறது. இதனால் பிரிகோடு என்பது வடிவத்துக்குள் ஏற்கெனவே ஒளிந்திருப்பது, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்திக் கண்டுபிடிக்க வேண்டியது என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. இந்த எண்ணம் தவறு. அதன் விலையைப் பவுண்டரிகள் ஒவ்வொரு நாளும் கட்டுகின்றன என்பது என் வாதம். கோடு எங்கே போகலாம் என்பதைத்தான் கணினி சொல்கிறது. எங்கே போக வேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்க வேண்டும். அதுவும் பொருளை வடிவமைப்பவர், வடிவம் உறைவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கணினி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இருட்டறையில் ஒரு பொருளை வைத்து, உருவும் திசையில் மிகத் தொலைவிலிருந்து விளக்கைக் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படும் பரப்பெல்லாம் மேல்பெட்டிக்கு. அதே திசையில் கீழேயிருந்து காட்டினால் வெளிச்சம் படும் பரப்பெல்லாம் கீழ்பெட்டிக்கு. இரண்டும் சந்திக்கும் எல்லையே பிரிகோடு. இரண்டிலும் வெளிச்சம் படாத பகுதி இருந்தால் அதுதான் மணலில் மாட்டும் இடம். கணக்கில் சொன்னால், பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிநோக்கிய செங்குத்துத் திசை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணினி பார்க்கிறது. மேலே சாய்ந்தால் ஒரு நிறம், கீழே சாய்ந்தால் வேறு நிறம், எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நின்றால் மூன்றாவது நிறம். சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளில் இவை பச்சை, சிவப்பு, மஞ்சள். இதன் கணிதம் சுத்தமானது. மார்க் டி பெர்க் முதலானோர் எழுதி 1997-இல் வந்த புகழ்பெற்ற கணிப்பு வடிவியல் பாடநூலில், நேரியல் நிரலாக்கம் பற்றிய அத்தியாயமே ஒரு வார்ப்பை அச்சிலிருந்து எடுக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது.

பந்துக்கு இந்த முறை ஒரே ஒரு விடை தரும்: நட்டநடுவே சுற்றிவரும் வட்டம். ஆனால் இயந்திரப் பாகங்கள் பந்துகளாக இருப்பதில்லை. ஓர் உருளையை நிமிர்த்தி வைத்து மேலே உருவினால் அதன் பக்கச்சுவர் முழுவதும் மஞ்சளாகிவிடும். அதாவது, அந்தச் சுவரில் கோடு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று கணினி கையை விரிக்கிறது. இரும்பு வார்ப்புகளில் நேர்ச்சுவர்கள் மிக அதிகம். எனவே இது அபூர்வமான சிக்கலும் இல்லை. நேர்ச்சுவரை அப்படியே உருவினால் நெடுகிலும் மணலோடு உரசும். அதைத் தவிர்க்கச் சுவருக்குச் சிறு சரிவு கொடுக்க வேண்டும். மணல் வார்ப்பில் இது பொதுவாக 1 முதல் 3 பாகை. எந்தப் பக்கம் சரிப்பது? பிரிகோட்டிலிருந்து விலக விலகப் பொருள் மெலிய வேண்டும். ஆகவே கோடு எங்கே என்று முடிவாகாமல் சரிவைக் கொடுக்கவே முடியாது. கேட் மென்பொருளில் சரிவுக் கருவியைத் திறந்தால், எந்தத் தளத்தில் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் அது முதலில் கேட்கும். அந்தத் தளத்தைச் சொல்வதும் பிரிகோட்டைச் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றே. கணினியிடம் கேட்கப் போன கேள்வியைக் கணினி நம்மிடமே திருப்பிக் கேட்கிறது.

இந்த முடிவுக்கு எடை உண்டு. கிராமில் அளக்கக்கூடிய எடை. 100 மில்லிமீட்டர் உயரமும் 300 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முகத்துக்கு 1 பாகை சரிவு. கோடு சுவரின் ஒரு முனையில் இருந்தால், அந்த முனையில் 1.75 மில்லிமீட்டர் தடிமன் கூடும். வார்ப்பிரும்பில் அது ஏறத்தாழ 190 கிராம். அதே கோட்டைச் சுவரின் நடுவே கொண்டுபோனால் கூடும் தடிமன் 0.9 மில்லிமீட்டருக்கும் குறைவு. எடை 95 கிராம் அளவு. ஒரு முகத்தில், ஒரு சுவரில் இவ்வளவு வித்தியாசம். பத்துச் சுவர் உள்ள பாகத்தில், ஆயிரம் வார்ப்புகளில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். உருக்கும் மின்சாரத்துக்குப் பணம், ஊற்றும் இரும்புக்குப் பணம், பிறகு அதைக் கடைந்து தள்ளும் நேரத்துக்கும் பணம்.

ஒரு பாகத்தைச் சற்று விரிவாகப் பார்த்தால் தேர்வு என்பதன் பொருள் புரியும். எல் வடிவத் தாங்கி: இரண்டு தகடுகள் செங்கோணத்தில் சேர்ந்தது, ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம், 10 தடிமன். ஒரு தகட்டைக் கிடத்தி மற்றதை நிமிர்த்தி உருவலாம். கிடக்கும் தகடு சுகமாக வரும். நிற்கும் தகட்டின் இரு முகங்களுக்கும் சரிவு வேண்டும், அதன் அடி 10-லிருந்து 13.5 மில்லிமீட்டராகப் பருக்கும். அடுத்தது, எல் எழுத்தைத் தாளில் எழுதியதுபோலப் பக்கவாட்டில் படுக்க வைப்பது. பிரிகோடு நடுவே தட்டையாக ஓடும். உருவும் ஆழம் பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர்தான். தடிமன் முகத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் கூடும். ஆனால் தகடுகளில் போல்ட் துளை வேண்டுமென்றால் அவை உருவும் திசைக்குக் குறுக்கே நிற்கும், பிறகு துளையிட வேண்டியதுதான். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு முட்டுத்தகடு இருந்தால், அதற்கும் அங்கே கோட்டின் இரு பக்கத்திலும் இடம் சரியாக அமையும். மூன்றாவது வழி, முதுகை மேலே வைத்துக் கூடாரமாக நிறுத்துவது. தகடுகள் இயல்பாகவே 45 பாகையில் சாய்ந்திருப்பதால் அவற்றுக்குச் சரிவே வேண்டாம். ஆனால் இரு முனைகளிலும் பிரிகோடு மேலே ஏறி இறங்கும். பெட்டிகள் தட்டையாகச் சந்திக்க முடியாமல் மணல் மேடு கட்ட வேண்டிவரும். மூன்று திசைகளையும் கணினியிடம் காட்டுங்கள். மூன்றுக்கும் அது கோடு வரைந்து தரும், மூன்றிலும் மாட்டும் இடம் இல்லை என்றே சொல்லும். தாங்கி ஐம்பது வேண்டுமா ஐயாயிரமா, தகடு பருத்தால் பரவாயில்லையா, எந்த முகத்தைக் கடையப் போகிறோம் என்பதெல்லாம் தெரிந்தவர் மட்டுமே மூன்றில் ஒன்றைத் தேர முடியும்.

வடிவம் மட்டும் பார்க்கிற கணினிக்குத் தெரியாத வேறு சங்கதிகளும் உண்டு. உலோகம் ஊற்றும்போது கசடும் வாயுக் குமிழிகளும் மேலே மிதந்து வரும். ஆகவே மேல்முகத்தில் குறை வரும் வாய்ப்பு அதிகம், கீழ்முகம் அடர்த்தியாக உறையும். கடைந்து மெருகேற்ற வேண்டிய முகத்தைக் கீழே வைக்க வேண்டும் என்று பவுண்டரிக்காரர்கள் வற்புறுத்துவது அதனால்தான். இரண்டாவது, மேல்பெட்டியும் கீழ்பெட்டியும் எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் இம்மியளவு நகரும். கோட்டின் இரு பக்கமும் படிபோல ஒரு பிசகு விழும். வார்ப்புகளின் அளவுப் பிழைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8062 இந்தப் பிசகைத் தனியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரே மையத்தில் இருக்க வேண்டிய இரண்டு வட்டங்களை ஆளுக்கொரு பெட்டியில் போட்டால், இந்த நகர்வு முழுவதும் அவற்றின் மையத்தில்தான் விழும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் பெட்டி எவ்வளவு நகர்ந்தாலும் அவற்றுக்குள் தொடர்பு கெடாது. மூன்றாவது, மேல்பெட்டியைத் தூக்கும் விசை. 300க்கு 300 மில்லிமீட்டர் தட்டு ஒன்றைக் கீழ்பெட்டியில் கிடத்தி, மேல்முகத்தில் பிரிகோட்டை வைத்து, 150 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து இரும்பு ஊற்றுவதாகக் கொண்டால், திரவ இரும்பு மேல்பெட்டியை ஏறத்தாழ 95 கிலோ எடைக்குச் சமமான விசையால் தூக்கும். பெட்டியின் மேல் பாரம் வைக்காவிட்டால் இடுக்கில் இரும்பு கசிந்து, கோடு நெடுகப் பிசிறாக உறையும். தட்டை நிமிர்த்தினால் தூக்கும் பரப்பு சுருங்கும். ஆனால் உருவும் ஆழம் 300 மில்லிமீட்டராகிவிடும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கெடும் இந்த இழுபறிதான் பிரிகோட்டுத் தீர்மானத்தின் இயல்பு.

இனி முதலில் சொன்ன பம்பு உறைக்கு வருவோம். கோவை வட்டாரத்தில் பம்பும் பவுண்டரியும் சேர்ந்தே வளர்ந்தவை. அங்கே இந்த உறையைப் பிரிப்பது அன்றாட வேலை. தண்ணீர் சுழன்று வெளியேறும் பாதை நாக்கு எனப்படும் ஒடுங்கிய இடத்திலிருந்து தொடங்கி, சுற்றச் சுற்ற அகலமாகிக்கொண்டே போய் வெளிவாயில் முடியும். தண்டின் திசையில் உருவுவது இயல்பு. உள்ளே காலியிடத்துக்கு மணலில் தனியாகச் செய்த கோர் வைப்பார்கள். பாதையின் குறுக்குவெட்டுகளின் மையங்கள் எல்லாம் ஒரே தளத்தில் இருக்குமாறு வடிவமைப்பாளர் வரைந்திருந்தால் பிரிகோடு அந்தத் தளத்தில் தட்டையாகப் போகும். அவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பாதையின் ஒரு பக்கத்தை மட்டம் பிடித்து மற்ற பக்கத்தை மட்டும் பருக்கவிட்டால், மையம் சிறிது சிறிதாக நகரும். பிரிகோடும் கூடவே சரிந்து ஏறும். நீரியல் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லாத பம்புகளிலும்கூட பேட்டர்னில் வேற்றுமை பெரிது: முன்னதற்குத் தட்டையான பலகை போதும், பின்னதற்கு வளைந்தேறும் பிரிபரப்பை அரைத்தெடுக்க வேண்டும். அந்த மையங்களை ஒரு தளத்தில் நிறுத்த கேட் மென்பொருளில் ஆகும் நேரம் சில நிமிடங்கள். மாதிரி முடிந்து, ஒப்புதல் வாங்கி, பேட்டர்ன் கடைக்கு வந்தபின் அதைக் கேட்டால் யாரும் செய்துதர மாட்டார்கள்.

மோட்டார் உடலின் குளிர்விக்கும் இறக்கைகளும் இதையே சொல்கின்றன. தண்டின் திசையில் உருவுவதானால் இறக்கைகள் சுற்றிலும் ஆரம்போல விரியலாம். எல்லாம் உருவும் திசையோடு நீளுவதால் மணலில் மாட்டாது. ஆனால் பாதமும் மின்இணைப்புப் பெட்டிக்கான மேடையும் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்று கோர் கேட்கும். உடலைப் படுக்க வைத்து நடுவே பிரித்தால் பாதமும் மேடையும் எளிதாகும். ஆனால் பக்கவாட்டில் கிடையாக நீளும் ஒவ்வோர் இறக்கையும் மணலைக் கிழிக்கும். அங்கே இறக்கைகளை எல்லாம் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்த வேண்டும். பிரிகோட்டைப் பற்றிய முடிவு இங்கே பொருளின் முகத்தையே மாற்றுகிறது. வடிவத்தை வரைந்து முடித்த பிறகு கோட்டைத் தேடுகிறவர், எந்த மோட்டாரை வரைந்தோம் என்பதையே தெரியாமல் வரைந்திருக்கிறார்.

பழைய கைவினைஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். சீனாவில் ஷாங் அரசமரபின் காலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் கலங்களைக் களிமண் துண்டச்சுகளைப் பொருத்தி வார்த்தார்கள். துண்டுகள் சேருமிடத்தில் பிசிறு விழும். அவர்கள் அந்த இடங்களில் எடுப்பான விளிம்புகளை வைத்தார்கள். முகமூடி உருவங்களை இரண்டு சேர்க்கைகளுக்கு நடுவே அடங்கும் கட்டங்களாகப் பிரித்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அந்தக் கலங்களின் கம்பீரம் என்று நாம் வியக்கும் அமைப்பில் அச்சின் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. நேர்மாறான வழி சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்துவிடுவார்கள். எதையும் உருவ வேண்டியதில்லை. ஆகவே நடராசரின் விரிசடைக்கும் தூக்கிய காலுக்கும் பிரிகோடு தடையில்லை. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, ஒவ்வொரு சிலைக்கும் ஒரு மெழுகு உருவம், ஓர் அச்சு. இரண்டு மரபுகளிலும் அச்சு எப்படிப் பிரியும் அல்லது உடையும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் வடிவத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, கணினிக்கு வடிவம் மட்டுமே தெரியும் என்பது பழைய கதை என்பது. இதில் நியாயம் உண்டு. பி. ரவி, எம். என். சீனிவாசன் என்ற இந்திய ஆய்வாளர்கள் 1990-இலேயே பிரிபரப்பைக் கணினி வழியே தேர்வதற்கு ஒன்பது அளவுகோல்களை வகுத்து வெளியிட்டார்கள். நிழற்பரப்பு, தட்டைத்தன்மை, உருவும் ஆழம், சரிவு, மாட்டும் இடங்கள், பிசிறு, கடையும் முகங்கள் முதலியவை அவற்றில் அடங்கும். அவை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஒப்பிட முடியும். இந்த வேலை மிக மதிப்புள்ளது. ஆனால் என் வாதத்தை இது பலப்படுத்தவே செய்கிறது. ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன என்றால் அவை ஒன்றோடொன்று மோதும். மோதும்போது எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியவர் மனிதர். அந்த மதிப்பும் பவுண்டரிக்குப் பவுண்டரி மாறும். டென்மார்க்கின் பேராசிரியர் வாகன் ஆகே யெப்பெசன் 1957-இல் காப்புரிமை கோரிய முறையில் பெட்டியே கிடையாது. மணல் கட்டிகள் வரிசையாக நிற்க, பிரிகோடு செங்குத்தாக ஓடும். டிசாமேட்டிக் என்று இன்று உலகமெங்கும் அறியப்படும் அந்த இயந்திரத்தில் ஒரு பாகத்துக்குச் சரியான கோடு, கையால் பெட்டி இடிக்கும் சிறு பவுண்டரியில் அதே பாகத்துக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. உலோகம் பாய்ந்து உறைவதைக் காட்டும் சிமுலேஷன் மென்பொருள்களும் இந்தத் தேர்வைச் செய்வதில்லை. வைத்த நிலையில் என்ன நடக்கும் என்பதைத்தான் அவை காட்டும்.

இரண்டாவது, மாட்டும் இடத்துக்கெல்லாம் கோர் போட்டுக்கொள்ளலாமே என்பது. போடலாம், பம்பு உறையின் உட்புறத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கோருக்கும் தனியாக ஒரு கோர்பெட்டி செய்ய வேண்டும், ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு கோர் வார்க்க வேண்டும், அதைச் சரியான இடத்தில் உட்கார வைக்க ஒரு கை வேண்டும். அது நகர்ந்தால் சுவர் ஒரு பக்கம் மெலியும். அதைக் கெட்டிப்படுத்தும் பசை எரிந்து வாயுவாகும், வெளியேற வழியில்லாவிட்டால் வார்ப்பில் துளையாக மிஞ்சும். கோரும் அச்சும் சேருமிடத்தில் இன்னொரு பிசிறு. அவசியமான கோர் ஒரு தீர்வு. பிரிகோட்டைப் பற்றி யோசிக்காததால் வந்த கோர், வார்ப்பின் ஆயுள் முழுக்கக் கட்டும் அபராதம்.

மூன்றாவது எதிர்வாதம் புதியது: மணலையே முப்பரிமாணத்தில் அச்சிடும் இயந்திரங்கள் வந்துவிட்டன, பேட்டர்னே வேண்டாம், உருவுவதும் வேண்டாம் என்பது. ஓரிரு வார்ப்புகள் வேண்டும்போதும், சிக்கலான முன்மாதிரிகளுக்கும் இது அருமையான வழி. இதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அச்சிட்ட அச்சுக்குள் ஒட்டாமல் கிடக்கும் மணலை வெளியேற்ற வேண்டும், கோர்களை உள்ளே வைக்க வேண்டும், குழிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்காக அச்சை எங்காவது பிரித்தே அச்சிடுகிறார்கள். அந்தச் சேர்க்கையிலும் இரும்பு கசியும். எச். எஃப். ஷ்ரோயர் 1958-இல் காப்புரிமை பெற்ற நுரை வார்ப்பும் இப்படித்தான். நுரைப் பேட்டர்ன் மணலுக்குள்ளேயே ஆவியாகிவிடுவதால் மணலில் கோடு இல்லை. ஆனால் அந்த நுரையை ஆயிரக்கணக்கில் ஊதி வார்க்கும் அலுமினிய அச்சு இரண்டாகத் திறந்தாக வேண்டும். கோடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. மாதம் பல ஆயிரம் பம்பு உறைகள் வார்க்கும் ஊரில் பேட்டர்னும் ஈர மணலும் இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

நான்காவதுதான் வலுவானது. பிரிகோடு பேட்டர்ன் செய்பவரின் துறை. பல்லாண்டு அனுபவத்தில் அவர் ஒரு பார்வையில் காண்பதைக் கல்லூரியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஏன் தொட வேண்டும்? அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்பது. பேட்டர்ன் கலைஞரின் அறிவைப் பற்றிச் சொன்னது முழுதும் உண்மை. ஆனால் மாதிரி அவர் கைக்கு வரும்போது தடிமன் முடிவாகியிருக்கும், பொருந்தும் முகங்கள் முடிவாகியிருக்கும், வாடிக்கையாளர் கையெழுத்தும் போட்டிருப்பார். அவரிடம் மிச்சமிருப்பவை கோரும், மணலில் விட்டுப் பிறகு பிரித்தெடுக்கும் தனித்துண்டுகளும்தான். அந்த நேரத்தில் அவர் அறிவு பழுதை ஒட்டுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. இன்னொரு தீமையும் உண்டு. சரிவில்லாமல் வந்த மாதிரிக்குப் பேட்டர்ன் கடை தானே சரிவு கொடுத்துக்கொள்கிறது. அப்போது வலிமைக் கணக்குப் போட்ட மாதிரி ஒன்று, உண்மையில் வார்க்கப்படும் வடிவம் வேறொன்று. கடைசல் இயந்திரத்துக்கு அனுப்பிய நிரல் எந்த வடிவத்தை நம்புவது? சண்டை வந்தால் வரைபடத்தில் கோடு இல்லை, யாரையும் கேட்க முடியாது. வரைபடத்தில் பிரிபரப்பையும் சரிவையும் குறிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 10135 என்ற தரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

கேட் மாதிரியின் உள்கட்டமைப்பே இந்த வரிசையைக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சரிவுக்கு முன்னால் மூலைகளை மழுக்கிவிட்டால், பிறகு சரிவு கொடுக்கும்போது மென்பொருள் பெரும்பாலும் முரண்டுபிடிக்கும். கொடுத்தாலும் மழுக்கல் சிதையும். பிரிகோடு ஓடும் விளிம்பையே மழுக்கிவிட்டால் இன்னும் மோசம். வெளிச்சத்தின் எல்லை அந்த வளைவின் அடிவரை நகர்ந்துவிடும், தட்டையாக இருந்த கோடு இடம் மாறும். கூராக விட்டிருந்தால் பிசிறு அந்த விளிம்போடு ஒட்டி ஒரே இழுப்பில் அரைபட்டிருக்கும். எனவே முதலில் திசை, அடுத்துக் கோடு, பிறகு சரிவு, கடைசியில் மழுக்கல். இந்த வரிசையில் கட்டிய மாதிரியில் நாளை கோட்டை நகர்த்த நேர்ந்தால், ஒரு தளத்தை நகர்த்தினால் மற்றவை பின்தொடரும். தலைகீழாகக் கட்டியதைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து வரைய வேண்டியதுதான்.

வார்ப்புப் பாகங்களை வடிவமைக்கும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். புதிய கோப்பைத் திறந்ததும் உருவும் திசைக்கு ஓர் அம்பும் பிரிகோட்டுக்கு ஒரு தளமும் வரைந்து, அவற்றின் மேல் பாகத்தைக் கட்டுங்கள். கட்டிகளும் உருளைகளுமாக வடிவம் பாதி நிற்கும்போதே அதைப் பேட்டர்ன் கடைக்கு எடுத்துச் சென்று, எங்கே பிரிப்பீர்கள், ஏன் என்று கேளுங்கள். மறுப்பு வந்தால் மாற்ற அப்போது சில நிமிடங்கள் போதும். மாணவர்களின் வார்ப்பு வரைபடத்தில் பிரிகோடு குறிக்கப்படவில்லை என்றால் அதை முடியாத வரைபடமாகவே மதிப்பிடுங்கள்.